முதல் நிரல் – 7: ஆமை வராத மாலை

விதுராவைத் தாண்டிப் பொன்முடிக்கு ஏறும் சாலையில் இருக்கிறது கல்லாறு. பெயருக்கு ஏற்ற ஊர். ஆறு நெடுக உருண்டு திரண்ட பாறைகள். அக்கா வீடு அங்கேதான். மழைக்கால மாலை ஒன்றில் போய் இறங்கியபோது, எட்டாவது படிக்கும் அக்கா மகள் பழைய லேப்டாப்பின் முன்னால் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, இது என்னைத் திட்டிக்கிட்டே இருக்கு."

திரையில் நாலைந்து வரி சிவப்பு எழுத்து. எல்லாம் ஆங்கிலம்.

கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் புதிதல்ல. 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம், 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமானது. பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் தொகுப்பையும் கைட் தருகிறது. பள்ளியில் எல்லாம் தயாராக இருக்கும், உட்கார்ந்ததும் எழுதலாம். வீட்டில் அப்படியில்லை. பைத்தானை இவளே இறக்கி நிறுவியிருந்தாள். கூடவே வருகிற ஐடில் எடிட்டரும் ஒழுங்காகத் திறந்தது. தகராறு அதற்குப் பிறகுதான்.

முதல் தடங்கல் சின்னது. வேர்டு கோப்பில் இருந்த வரிகளை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தாள். வேர்டு மேற்கோள் குறிகளை அழகுக்காக வளைத்துவிடும்; பைத்தானுக்கு நேர்க்குறிதான் வேண்டும். அழித்துவிட்டு அவளையே தட்டச்சு செய்யச் சொன்னேன். வரி பச்சை நிறத்துக்கு மாறியது. ஐடிலில் மேற்கோளுக்குள் இருப்பது பச்சையாகத் தெரிந்தால் குறி சரி என்று அர்த்தம்.

இரண்டாவதுதான் அவளை அழவைத்தது. டர்ட்டில் என்ற தொகுதியை அழைத்து ஒரு சதுரம் வரைய வேண்டும். 1960களில் சீமோர் பேப்பர்ட்டும் நண்பர்களும் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ மொழியிலிருந்து வந்த ஆமை அது. முன்னால் நூறு அடி, வலப்பக்கம் தொண்ணூறு பாகை, இப்படி நான்கு முறை. நிரலில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் எஃப்5 அழுத்தினால், 'டர்ட்டிலுக்கு ஃபார்வர்டு என்று ஒன்று கிடையாது' என்கிறது. புத்தகத்தில் இருக்கிறதே!

சிவப்பு வரிகளை மேலிருந்து படிக்கக் கூடாது. கடைசி வரி என்ன நடந்தது என்று சொல்லும். அதற்கு மேலே உள்ளவை எங்கே நடந்தது என்று காட்டும். மேலே ஒரே கோப்பின் பெயர் இரண்டு முறை வந்திருந்தது: டர்ட்டில் டாட் பை. ஆமைப் பாடம் என்பதால் கோப்புக்கும் அந்தப் பெயரையே வைத்திருக்கிறாள். எந்தக் குழந்தைக்கும் தோன்றுகிற பெயர்தானே?

பைத்தான் ஒரு தொகுதியைத் தேடும்போது, ஓடுகிற நிரல் இருக்கும் ஃபோல்டரைத்தான் முதலில் பார்க்கும். தன்னோடு வந்த தொகுதிகளிடம் அப்புறம்தான் போகும். அவள் கோப்பு ஆமையைக் கூப்பிட்டது. அதே பெயரில் வாசலிலேயே நின்ற அவள் கோப்பே 'இதோ' என்று வந்து நின்றது. அதற்கு நடக்கத் தெரியாது. ரேண்டம், டிகிண்டர் என்று பெயர் வைத்தாலும் இதே கதி. சில நேரம் ஐடிலே இயங்க மறுத்துவிடும். மறுபடி மறுபடி நிறுவிப் பயனில்லை. 3.13 பதிப்பு முதல், பெயரை மாற்றிப் பாருங்கள் என்று பைத்தானே சொல்கிறது. முதல் நாளிலேயே மனம் உடையும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய உதவி! அவளிடம் இருந்ததோ பழைய பதிப்பு.

'சதுரம்' என்று வேறு பெயரில் சேமித்தாள். எஃப்5. மறுபடியும் சிவப்பு. முகம் சுருங்கியது. "மேலே பாரும்மா, யார் பெயர் இருக்கு?" என்றேன். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். "பழசு இன்னும் அங்கேயே இருக்கு!" வேறு பெயரில் சேமித்தால் நகல்தான் உண்டாகும், பழைய கோப்பு போகாது. அதை அவளே அழித்தாள்.

வெள்ளைச் சன்னலில் சின்ன அம்புக்குறி ஒன்று தோன்றி, மெல்ல நகர்ந்து, நான்கு முறை திரும்பித் தொடங்கிய இடத்தில் வந்து நின்றது. அவள் அம்மாவைக் கூப்பிடவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நூறை இருநூறாக்கி மறுபடி எஃப்5 அழுத்தினாள்.

(தொடரும்)