கார் சக்கரத்துக்கும் எக்செல் கணக்கு!

எக்செல் என்றாலே மார்க் ஷீட், வட்டிக் கணக்கு, மளிகைச் செலவு என்று நிறுத்திக்கொள்கிறோம். என்னோடு படித்த நண்பன் ஒருவன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். 1990ஆம் வருட ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ கார் ஒன்று வாங்கினான். இரண்டாம் தலைமுறை மாடல். 14 இஞ்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அகலமான 15 இஞ்ச் அலாய் போட ஆசை. எது பொருந்தும் என்று எனக்கு இமெயில் அனுப்பினான். நான் மெக்கானிக் அல்ல, எக்செலைத் திறந்தேன். நீங்களும் கூடவே செய்து பாருங்கள். எக்செல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபிஸ் கால்க்கில் செய்யலாம், அது இலவசம்தான்.

அவன் காரின் டயரில் 185/60 ஆர்14 என்று இருக்கிறது. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 60 சதவீதம். 14 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். ஒரே எழுத்தில் மூன்று அளவுமுறை! இதை யார் யோசித்தார்களோ!

ஏ, பி, சி காலங்களில் அகலம், சதவீதம், ரிம் என்று தலைப்பு கொடுங்கள். இரண்டாம் வரிசையில் 185, 60, 14 என டைப் செய்யுங்கள். டி2 செல்லில் =ஏ2*பி2/100*2+சி2*25.4 என்று அடித்து என்டர் தட்டுங்கள் (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்). 577.6 என்று வரும். அதுதான் டயரின் மொத்த விட்டம், மி.மீ.யில். அடுத்த மூன்று வரிசைகளில் 195/50/15, 195/45/15, 205/50/15 என்று போடுங்கள். டி2 செல்லின் வலது கீழ் மூலையில் மவுசை வைத்தால் கூட்டல் குறி வரும். அதைப் பிடித்துக் கீழே இழுங்கள். 576, 556.5, 586 என்று விடை வந்துவிடும்.

இனி வித்தியாசம். இ3 செல்லில் =(டி3-டி2)/டி2*100 என்று அடித்து இழுத்தால் ஏமாந்துபோவீர்கள்! எக்செல் ஒவ்வொரு வரிசையையும் அதற்கு மேல் வரிசையோடு ஒப்பிடும். 205/50 டயருக்கு 5.3 சதவீதம் என்று காட்டும். நமக்கு வேண்டியது பழைய டயரோடு ஒப்பீடு. ஃபார்முலாவில் டி2 மேல் கர்சரை வைத்து எஃப்4 கீயைத் தட்டுங்கள். $டி$2 என மாறும். டி2 வரும் இரண்டு இடங்களிலும் இதைச் செய்துவிட்டு இழுத்தால் மைனஸ் 0.28, மைனஸ் 3.65, பிளஸ் 1.45 என்று சரியாக வரும்.

195/50 தான் பழசோடு ஒட்டி வருகிறது. 205/50 போட்டால் ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிடக் குறைவாகக் காட்டும். பிரிட்டனில் மீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது சட்டம்.

டயர் முடிந்தது. பலரும் கோட்டை விடுவது ரிம்மில்தான். அலாயில் 7ஜே, ஈடி35 என்று இருக்கும். 7 என்பது ரிம்மின் அகலம், இஞ்சில். ஈடி என்பது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் போய் உட்காரும் பரப்பு எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்ற கணக்கு. இந்த எண் குறையக் குறைய சக்கரம் வெளியே துருத்தும்.

புது ஷீட்டில் ஏ2வில் 6, பி2வில் 38 (அவன் காரின் பழைய ரிம்). சி2வில் =ஏ2*25.4/2+பி2. டி2வில் அதையே கூட்டலுக்குப் பதில் கழித்தலாக. உள்பக்கம் 114.2, வெளிப்பக்கம் 38.2. அடுத்த வரிசையில் 7, 35 போட்டால் 123.9, 53.9. அதாவது உள்ளே சஸ்பென்ஷனை நோக்கி 9.7 மி.மீ., வெளியே 15.7 மி.மீ. கூடுகிறது. அவன் கண் வைத்திருந்ததோ மலிவாக வந்த 7ஜே, ஈடி20. அதற்கு வெளிப்பக்கம் 68.9. பழசைவிட 30.7 மி.மீ. வெளியே! பின்சீட்டில் இரண்டு பேர் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டு விளிம்பு டயரைச் சீவும் அபாயம் உண்டு. பேரிங்குக்கும் பாரம் கூடும். ஸ்டியரிங்கும் கையை இழுக்கும். வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

எக்செலில் வராத சங்கதிகளும் உண்டு. போல்ட் ஓட்டைகள் 4, அவை அமையும் வட்டம் 100 மி.மீ. ஃபியட் கார்கள் பலவற்றில் இது 98. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் மாட்டக்கூடாது. கோல்ஃபின் ஹப் 57.1 மி.மீ.; வெளியே வாங்கும் அலாயின் நடு ஓட்டை பெரும்பாலும் பெரிசாக இருக்கும், இடைவெளியை நிரப்ப வளையம் வாங்க வேண்டும். ஃபோக்ஸ்வேகனின் ஒரிஜினல் போல்ட்டுக்குத் தலையின் அடிப்பக்கம் உருண்டை, வெளி அலாய்களில் பெரும்பாலும் கூம்பு. பழைய போல்ட்டையே போட்டால் சரியாக உட்காராது, ஓடும்போது தளரும். ரிம்மோடு சேர்த்தே போல்ட்டும் வாங்கச் சொன்னேன். மாட்டியதும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும், 80 கி.மீ. ஓட்டிய பிறகு டார்க் ரென்ச் வைத்து எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.