கியா கிளாவிஸா, மஹிந்திரா 9எஸ்ஸா: 7 சீட்டர் இவியை எப்படித் தேர்வு செய்வது?

அப்பா, அம்மா, குழந்தைகள் எல்லாரும் ஒரே காரில் போகணும், அதுவும் எலெக்ட்ரிக் காரில். இதுதான் உங்க கணக்கா? அப்போ 2025-ல் வந்த இந்த இரண்டும் உங்க பட்டியலில் இருக்கும்.

எக்ஸ்-ஷோரூம் அறிமுக விலை: கியா கேரன்ஸ் கிளாவிஸ் இவி ரூ.17.99 லட்சம், மஹிந்திரா எக்ஸ்இவி 9எஸ் ரூ.19.95 லட்சம். ஆரம்ப மாடலில் கியாவின் பேட்டரி 42 யூனிட், மஹிந்திராவுடையது 59 யூனிட்.

நிறுவனங்கள் சொல்லும் ரேஞ்ச் 404, 521 கி.மீ. ஆள், லக்கேஜ், ஏசியோடு நெடுஞ்சாலையில் போனால் முக்கால் பங்குதான் என்று வைத்துக்கொள்ளுங்க: சுமார் 300, 390 கி.மீ.

தினமும் 40 கி.மீ. ஆபீஸ் ஓட்டம்தான்னா கியா போதும். வாரம் ஒரு சார்ஜ். அடிக்கடி 350 கி.மீ. ஊர்ப்பயணம் உண்டா? ரூ.2 லட்சம் கூடுதல் என்றாலும் மஹிந்திராதான் லாபம். வழியில் சார்ஜருக்குக் காத்திருக்க வேண்டாம். கியாவின் பெரிய பேட்டரியோ அறிமுகத்தின்போதே ரூ.22.49 லட்சம்.

புக் பண்ணும் முன் இரண்டு வேலை. மூன்றாவது வரிசையில் பெரியவர்களை உட்கார வைத்து, மிச்ச இடத்தில் பெட்டி வைத்துப் பாருங்க. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சார்ஜர் போட சங்கத்தின் அனுமதியைக் கேளுங்க. சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் 59 யூனிட் ஏற சுமார் 20 மணி நேரம் ஆகும்.