வணிகர் சங்கமும் வத்தல் விவசாயியும்

"வியாபாரிகள் சங்கம் வியாபாரிகளுக்கு. அதில் எங்களுக்கு என்ன சார் இருக்கிறது?"

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் நடந்த மிளகாய்ச் சாகுபடிப் பயிற்சிக் கூட்டத்தில் ஒரு சிறு விவசாயி கேட்ட கேள்வி இது. விதை, உரம், பூச்சி மருந்து என்று ஒரு மணி நேரம் பேசி முடித்திருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து மண்டிச் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். வத்தல் விற்ற கணக்கு. மொத்தத் தொகைக்குக் கீழே தரகு, எடைக் கூலி, இறக்குக் கூலி, சாக்கு, கழிவு, மகமை என்று ஆறு இனங்கள் பிடித்தம் செய்யப்பட்டிருந்தன. "கடைசியில் இருக்கிற மகமை யாருக்குப் போகிறது? அதை நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்றும் கேட்டார்.

நியாயமான கேள்வி. அன்று சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். வத்தல், மல்லி, பருத்தி, பயறு வகைகளை விற்கும் எல்லா விவசாயிகளுக்கும் இது பயன்படும்.

மகமை வந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்மாவட்ட வியாபாரிகள் மாட்டு வண்டிகளில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். வழியில் கள்ளர் பயம் உண்டு. இரவில் வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாகத் தங்க மதில் சூழ்ந்த இடம் தேவைப்பட்டது. அப்படி ஏற்பட்டவையே 'பேட்டை'கள். பேட்டையைப் பராமரிக்கவும், கிணறு வெட்டவும், காவல் வைக்கவும் பணம் வேண்டும். இதற்காக விற்கும் சரக்கில் மூடைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொது நிதிக்கு ஒதுக்கினர். இதுவே மகமை.

விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் முதலிய ஊர்களில் நாடார் உறவின்முறை அமைப்புகள் இந்நிதியை நடத்தின. முறைகாரர் எனப்பட்ட பொறுப்பாளர்கள் முறை வைத்துக் கணக்குப் பார்த்தனர். பேட்டைக்கென்று தொடங்கிய பணம் நாளடைவில் கோயிலுக்கும், கிணற்றுக்கும், பள்ளிக்கும் பயன்பட்டது. 1870களில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இரயில் பாதை வந்தபின் விருதுநகரின் வியாபாரம் பெருகியது. அன்று அவ்வூரின் பெயர் விருதுபட்டி. 1923இல்தான் விருதுநகர் ஆயிற்று. வியாபாரம் பெருகப் பெருக மகமை நிதியும் வளர்ந்தது.

அவ்வூரின் சத்திரிய வித்தியாசாலைப் பள்ளி இப்படிப்பட்ட பொது உதவியில் வளர்ந்தது. பள்ளிக்காக வீடுதோறும் சமையலுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே வைத்துக் கொடுத்தனர். 'பிடி அரிசி' என்று அதற்குப் பெயர். 1903இல் விருதுபட்டியில் பிறந்த காமராசர் அப்பள்ளியில் படித்தவர். படிப்பை இடையில் நிறுத்தி மாமன் கடையில் வேலைக்குப் போனவர். அவரே 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்தார். ஒரு பிடி அரிசியும் மூடைக்குச் சில காசும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பின்னர் 1947இல் அவ்வூரில் கல்லூரியும் அமைந்தது.

வியாபாரிகள் கடனுக்கு வெளியாரை நம்பியிராமல் தாங்களே வங்கியும் தொடங்கினர். 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறி இன்றும் நடைபெறுகிறது.

இந்தக் கதையில் விவசாயிகள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. மகமை மூடையிலிருந்து வந்தது. மூடை நிலத்திலிருந்து வந்தது. வியாபாரி தன் இலாபத்திலிருந்து கொடுத்தாலும், விற்பவர் கணக்கில் பிடித்தாலும், அந்த நிதிக்கு அடிப்படை விவசாயியின் விளைபொருளே. எனவே 'எங்களுக்கு என்ன இருக்கிறது' என்று கேட்க விவசாயிக்கு முழு உரிமை உண்டு.

சங்கம் என்ன செய்கிறது?

வணிகர் சங்கம் என்பது புதிதல்ல. சென்னை வர்த்தக சபை 1836இல் ஏற்பட்டது. அது ஆங்கிலேயக் கம்பெனிகளின் சபை. நம் நாட்டு வணிகர்களுக்கெனத் தென்னிந்திய வர்த்தக சபை 1909இலும், மதுரையில் தமிழ்நாடு வர்த்தக சபை 1924இலும் தோன்றின. சிறு நகரங்களிலும் மண்டிக்காரர், எண்ணெய் வியாபாரி, பருத்தி வியாபாரி எனத் தனித்தனிச் சங்கங்கள் உள்ளன.

இவை பொதுவாகச் செய்யும் வேலைகள் ஐந்து.

1. வரி, சரக்குப் போக்குவரத்து, மின்சாரம் பற்றிய குறைகளை அரசிடம் ஒரே குரலில் எடுத்துச் சொல்வது.

2. வாங்குபவர் விற்பவர் இடையே பணப் பாக்கி, தரத் தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் பேசித் தீர்ப்பது.

3. சந்தை விடுமுறை, கூலி விகிதம் முதலியவற்றில் எல்லாருக்கும் பொதுவான வழக்கத்தை ஏற்படுத்துவது.

4. சந்தை விலையைத் திரட்டி வெளியிடுவது.

5. பள்ளி, மருத்துவ முகாம், திருவிழா, வெள்ளம் புயல் நிவாரணம் போன்ற ஊர்ப் பொதுக் காரியங்களுக்கு உதவுவது.

இவற்றுள் இரண்டாவதும் நான்காவதும் விவசாயிக்கு நேரடியாகப் பயன்படக் கூடியவை. ஆனால் பெரும்பாலோர் பயன்படுத்திக்கொள்வதில்லை. மண்டிக்காரர் பணத்தை இழுத்தடித்தால் அவர் உறுப்பினராக உள்ள சங்கத்தில் சீட்டுடன் போய் முறையிடலாம். தன் உறுப்பினருக்குக் கெட்ட பெயர் வருவதை எந்தச் சங்கமும் விரும்பாது. ஆனால் சீட்டு இருக்க வேண்டும். துண்டுத்தாளில் பென்சிலால் எழுதிக் கொடுத்த கணக்கு எங்கும் செல்லாது. தேதி, மண்டியின் பெயர், எடை, விலை, பிடித்தம் ஆகிய ஐந்தும் உள்ள சீட்டைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

விலை நிலவரத்தைப் படிக்கும் முறை

விருதுநகர் வார விலை நிலவரம் நெடுங்காலமாக நாளிதழ்களில் வருகிறது. வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய், பிண்ணாக்கு என்று வரிசையாக இருக்கும். இதைப் படிக்கும்போது மூன்று செய்திகளைக் கவனித்தல் அவசியம்.

முதலாவது, அளவு. சில சரக்கு குவிண்டால் கணக்கிலும், சில மூடைக் கணக்கிலும், எண்ணெய் டின் கணக்கிலும் இருக்கும். எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றிக்கொண்ட பிறகே ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, தரம். அறிவிக்கப்படும் விலை நன்கு காய்ந்த, காம்பும் தூசியும் குறைந்த, நிறம் கெடாத சரக்குக்கு உரியது. வெண்சோடை கலந்த வத்தலைக் கொண்டுபோய்ப் பத்திரிகை விலையைக் கேட்டால் கிடைக்காது.

மூன்றாவது, அது நகரத்து மொத்த விலை. கிராமத்திலிருந்து அங்குவரை ஆகும் வண்டிச் செலவும் பிடித்தங்களும் போக மீதிதான் நம் விலை.

கைக்கு வரும் விலையே விலை

விலை உயர்வாக இருக்கும் இடத்தில்தான் இலாபம் என்று எண்ணக் கூடாது. ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் கணக்குப் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை.

ஒரு மண்டியில் குவிண்டாலுக்கு ரூ.15,000 விலை சொல்கிறார்கள். ஆனால் 100 கிலோவுக்கு 2 கிலோ கழிவு. ஆகவே 98 கிலோவுக்கே பணம், அது ரூ.14,700. தரகு 3 சதவீதம் ரூ.441. கூலி வகையில் ரூ.80. மகமை ரூ.20. இவை போகக் கைக்கு வருவது ரூ.14,159.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் ரூ.14,700க்கு முடிகிறது. கழிவு இல்லை, தரகு இல்லை. சற்றுத் தொலைவு என்பதால் வண்டிச் செலவு கூடுதலாக ரூ.150. கைக்கு வருவது ரூ.14,550.

விலை ரூ.300 குறைவாகத் தோன்றிய இடத்தில் கைக்கு ரூ.391 அதிகமாக வருகிறது. எட்டுக் குவிண்டால் விற்பவருக்கு வித்தியாசம் ரூ.3,128. இந்தக் கணக்கில் மகமை வெறும் 20 ரூபாய். கழிவும் தரகும் சேர்ந்து 741 ரூபாய். ஆகவே என்னைக் கேள்வி கேட்ட விவசாயி கோபப்பட வேண்டிய இனம் கடைசி வரியில் இல்லை. மேலே உள்ள வரிகளில் இருந்தது. எல்லா மண்டிகளும் ஒன்றல்ல. பிடித்தம் குறைவாகவும் பணம் கைமேலும் கொடுக்கும் மண்டிகளும் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்வதே சரி.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடம்

துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசிய காலத்தில், தன் சரக்கின் விலை என்ன என்பது அதை விளைவித்தவருக்கே தெரியாது. இக்குறையைப் போக்கவே 1933இல் சென்னை மாகாண வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன்படி 1936இல் திருப்பூரில் பருத்திக்காக முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் திறக்கப்பட்டது. பின்னர் 1987இல் தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. இக்கூடங்களில் விற்கும் விவசாயியிடம் தரகோ மகமையோ பிடிப்பதில்லை. சந்தைக் கட்டணம் வாங்கும் வியாபாரியைச் சேர்ந்தது. விலை சரியில்லை என்றால் சரக்கைக் கிடங்கில் இருப்பு வைத்து அதன்பேரில் பொருளீட்டுக் கடன் பெறவும் வழி உண்டு. 2016இல் தொடங்கிய 'இ-நாம்' மின்னணுச் சந்தையில் இணைந்த கூடங்களில் வெளியூர் வியாபாரிகளும் விலை கேட்கலாம்.

ஆயினும் கூடம் மட்டும் போதாது. ஏலத்துக்கு வியாபாரிகள் வர வேண்டும். பலர் வந்தால்தான் போட்டி. போட்டி இருந்தால்தான் விலை. வியாபாரிகளை வரவழைப்பதில் சங்கங்களின் ஒத்துழைப்பு பெரிதும் உதவும். ஆகவே மண்டியும் கூடமும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைக்க வேண்டியதில்லை. இரண்டும் இருக்கும் ஊரில் விவசாயிக்குப் பேசும் பலம் கூடுகிறது.

சரக்கு நம் கையில்

விலையில் பாதி களத்திலேயே முடிவாகிறது. பழத்தைப் பறித்ததும் சாலையிலும் வெறும் மண்ணிலும் காயப் போடாமல் சுத்தமான தார்ப்பாயில் அல்லது சிமெண்டுக் களத்தில் காய வைக்க வேண்டும். ஈரப்பதம் 10 முதல் 11 சதவீதத்துக்குள் வர வேண்டும். வெண்சோடை, உடைந்தது, பூசணம் பிடித்தது ஆகியவற்றைப் பொறுக்கித் தனியே விற்பது நல்லது.

எடை கூடவும் வத்தல் நொறுங்காமலிருக்கவும் சிலர் தண்ணீர் தெளிக்கின்றனர். இது பெருந்தவறு. ஈரத்தில் பூசணம் வளர்ந்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. ஐரோப்பிய நாடுகளில் மிளகாய் வத்தலில் இந்நஞ்சு கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கை ஏற்பதில்லை. திரும்பி வரும் சரக்கின் நட்டம் அடுத்த ஆண்டு விலையில் நம் தலையிலேயே விழும். இராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பெயரைக் காப்பாற்றுவது களத்தில் இருப்பவர் கையில்தான் உள்ளது.

நமக்கும் ஒரு மகமை

வியாபாரிகளிடமிருந்து விவசாயிகள் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தனித்தனியாகப் போட்டியிடும் வியாபாரிகள் பொதுக் காரியத்துக்கு ஒன்றுகூடுகிறார்கள். நாம் வாய்க்காலுக்கும் வரப்புக்கும் சண்டையிட்டுக்கொண்டு, மூன்று மூடையைத் தனியாகக் கொண்டுபோய் விற்கிறோம். மூன்று மூடைக்கு யாரும் பேரம் பேச மாட்டார்கள்.

இருபது பேர் சேர்ந்து ஒரு குழு அமைத்து, விற்கும் ஒவ்வொரு மூடைக்கும் பத்து ரூபாய் பொதுவில் போட்டு வரலாம். ஆளுக்குப் பத்து மூடை என்றால் ஒரே பருவத்தில் ரூ.2,000 சேரும். முதலில் ஒரு நல்ல தார்ப்பாய், பிறகு முத்திரையிட்ட தராசு, அதன்பின் ஈரப்பதமானி என்று ஒவ்வொன்றாக வாங்கலாம். வீட்டிலேயே எடை போட்டுக் கொண்டு போனால் மண்டித் தராசில் ஏமாற இடமில்லை. எடையில் சந்தேகம் வந்தால் தராசில் நடப்பு முத்திரை உள்ளதா என்று பார்த்து, தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். குழு நன்கு நடந்தால் பக்கத்து ஊர்க் குழுக்களுடன் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவும் பதிவு செய்யலாம்.

இதில் முக்கியமானது கணக்கு. ஒருவரே என்றும் பணம் வைத்திருக்கக் கூடாது. முறைகாரர் போல ஆண்டுக்கு ஒருவர் மாறி, எல்லார் முன்னிலையிலும் கணக்கைப் படித்துக் காட்ட வேண்டும். கணக்குச் சுத்தமாக இருந்த இடத்தில்தான் மகமை பள்ளிக்கூடமாக வளர்ந்தது.

இனி அந்த விவசாயியின் கேள்விக்கு வருவோம். மகமை யாருக்குப் போகிறது என்று மண்டியில் கேட்பது தவறல்ல. பள்ளிக்கா, கோயிலுக்கா, எந்தப் பொது நிதிக்கு என்று கேட்டு இரசீது வாங்கலாம். பதில் கிடைத்தால் மனமுவந்து கொடுங்கள். பதில் இல்லையென்றால் அந்த இனத்தைக் கழிக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒருவராகக் கேட்பது கடினம். இருபது பேராகக் கேட்டால் எந்த மண்டியிலும் பதில் சொல்வார்கள்.