ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

1990-களின் பிற்பகுதியில் தமிழ் நூல் அச்சாகும் வழி ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். கையெழுத்துப் படி டிடிபி கடைக்குப் போகும். அங்கே ஒருவர் பேஜ்மேக்கரைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக அடிப்பார். மெய்ப்பு இரண்டு மூன்று முறை போய் வரும். திருத்தம் முடிந்ததும் லேசர் அச்சுப்பொறியில் ட்ரேசிங் தாளில் பக்கங்களை எடுத்து அச்சகத்துக்கு அனுப்புவார்கள். நூல் கைக்கு வந்த பிறகு கோப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடையின் கணினியிலோ, 1.44 எம்பி பிளாப்பிகளிலோ, சில ஆண்டுகள் கழித்து 700 எம்பி குறுந்தகட்டிலோ அது கிடக்கும். கோப்பைக் கேட்டு வாங்கிய எழுத்தாளர்கள் அபூர்வம். வாங்கினாலும் அதைத் திறக்க வீட்டில் எதுவும் இருக்காது. திறக்க வேண்டுமென்றால் அதே கடைக்குத்தான் போக வேண்டும்.

இன்று அந்த நூல்களுக்கு மறுபதிப்பு வருகிறது, மின்னூல் வருகிறது. குறுந்தகடுகள் பரணிலிருந்து இறங்குகின்றன. உள்ளே பி65 என்றும் பிஎம்டி என்றும் முடியும் பெயர்கள். எதைக் கொண்டு திறப்பது என்று கணினி நம்மையே கேட்கிறது.

பி65 என்றால் பேஜ்மேக்கர் 6.5, பிஎம்டி என்றால் 7.0. ஆல்டஸ் நிறுவனம் 1985-இல் மெக்கின்டாஷுக்காகக் கொண்டுவந்த மென்பொருள் இது. 1994-இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001-இல் வந்த 7.0 கடைசிப் பதிப்பு. தமிழ்நாட்டு டிடிபி கடைகளில் அதன் வாழ்வு அதற்குப் பிறகும் நெடுநாள் நீடித்தது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அந்தக் குறையே இங்கே அதைக் காப்பாற்றியது. கடையில் இருந்த எழுத்துருக்கள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தியவை. அவை பிசகாமல் உட்கார்ந்த இடம் அது.

கோப்பு எது என்று அறிய அன்று இருந்த அடையாளம் அதன் பெயரின் வால். வாலை யாராவது மாற்றிவிட்டால் ஆள் தெரியாது. இன்று வாலை விட்டுவிட்டுத் தலையைப் பார்க்கிறோம். எந்தக் கோப்பாக இருந்தாலும் அதன் முதல் சில பைட்டுகளை ஹெக்ஸ் காட்டியில் பார்த்தால் இனம் தெரிந்துவிடும். பிடிஎஃப் என்றால் ஒரு விழுக்காட்டுக் குறியும் பி, டி, எஃப் என்ற எழுத்துகளும். ஜிப் என்றால் பி, கே. 1989-இல் அந்த வடிவத்தைத் தந்த ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள். 2007-க்குப் பிந்தைய வேர்டு கோப்பும் பி, கே என்றே தொடங்கும், ஏனெனில் அதுவும் ஒரு ஜிப் பொதிதான். வாலை ஜிப் என மாற்றிப் பிரித்தால் உள்ளே எக்ஸ்எம்எல் வடிவில் உரை கண்ணுக்குத் தெரியும். அதற்கு முந்தைய வேர்டு கோப்பில் இந்த வசதி இல்லை. அதைப் படிக்க வேர்டே வேண்டும், அல்லது வேர்டின் உள்ளமைப்பை வேறு யாராவது குடைந்து பார்த்திருக்க வேண்டும்.

இந்த அறிவு புதிதன்று. தலையைப் பார்த்து இனம் சொல்லும் 'ஃபைல்' என்ற கட்டளை யூனிக்ஸில் 1973-லேயே இருந்தது. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் கோப்பு வடிவங்களுக்கென்றே ப்ரோனம் என்ற பதிவேட்டை 2002 முதல் நடத்திவருகிறது. நம் டிடிபி கடைகளுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அங்கே எல்லாக் கோப்பும் பேஜ்மேக்கர் கோப்பு.

பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்க இன்று இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அடோபியின் இன்டிசைன். அதிலும் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள்தான் பேஜ்மேக்கர் கோப்பை ஏற்கும். அடுத்து வந்த சிசி பதிப்பில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். 2012-இல் வந்த அதே சிஎஸ்6-இல்தான் யூனிகோடு தமிழ் உடையாமல் வருவதற்கான முறையான ஆதரவும் சேர்ந்தது. பழையதைத் திறக்கவும் தெரிந்து, புதியதை எழுதவும் தெரிந்த இன்டிசைன் அது ஒன்றே. மறுபதிப்பு வேலை செய்கிறவர்கள் சிலர் பழைய கணினி ஒன்றை இதற்காகவே வைத்திருப்பதன் காரணம் இதுதான். இன்னொன்று, லிப்ரே ஆபிஸ். பேஜ்மேக்கரின் உள்ளமைப்பைத் தன்னார்வலர்கள் ஆராய்ந்து எழுதிய நூலகம் 2015-இல் வந்த 4.4 பதிப்பில் சேர்ந்தது. பக்க அமைப்பு அச்சு அசலாக வராது. உரை வரும்.

படங்கள் வருமா என்பது வேறு கதை. 256 கேபியைத் தாண்டும் படத்தை வைத்தால், கோப்புக்குள்ளேயே சேர்த்துவிடவா என்று பேஜ்மேக்கர் கேட்கும். வன்தட்டில் இடம் அருமையாக இருந்த காலம். வேண்டாம் என்றே அழுத்தினார்கள். படம் தனிக் கோப்பாக எங்கோ இருந்தது. குறுந்தகட்டில் எழுதும்போது அதை யாரும் நினைக்கவில்லை. இன்று திறந்தால் படம் இருந்த இடத்தில் மங்கலான ஒரு நிழல்.

கோப்பு திறந்தும் நூல் திறக்காது. திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வரிகள் ஓடும். அடித்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை.

அந்த எழுத்துருக்களின் தந்திரம் எளியது. கணினிக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்து. அதன் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்துவிட்டார்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பலகையின் நடு வரிசையில் இடக்கை விரல்கள் படியும் விசைகள் ய, ள, ன, க. தட்டச்சுப் பயிலகத்தில் முதல் நாள் கற்ற அதே வரிசை. 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் சேர்வது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. புள்ளிக்குரிய விசை அரைப்புள்ளி என்பதால் பாமினி உரை முழுக்க அரைப்புள்ளிகளாகத் தெறித்துக்கிடக்கும். தமிழக அரசு அலுவலகங்களில் பரவலாக இருந்த வானவில்லில் அதே சொல் மூன்றே குறிகள்: ஜே, தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஏ, பிரெஞ்சில் வரும் ஓ-ஈ கூட்டெழுத்து. அன்றைய டிடிபி ஆட்களுக்கு இதைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். "சார், இது வானவில்லுங்க, நம்மகிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுத்துருவை மாற்றுவார்கள், வரி தமிழாகிவிடும். குப்பையைப் படித்து அது எந்தக் குப்பை என்று சொல்லும் அந்தக் கண் இன்று தொழிலில் குறைந்துவருகிறது. அதற்கு மதிப்பு இருந்ததாகவே அப்போது யாரும் நினைக்கவில்லை.

கடைக்கு ஒரு குறியேற்றம், பத்திரிகைக்கு ஒரு குறியேற்றம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வகுக்கப்பட்டன. இணையத்தில் இயங்கியவர்கள் திஸ்கி என்ற குறியேற்றத்தை நம்பினார்கள். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தும், அதை விண்டோஸ் 2000-தான் வீட்டுக்குள் கொண்டுவந்தது. தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக ஏற்றது 2010-இல். பழைய உரையை யூனிகோடாக்கும் சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றியில் தேர்வுக்கு இருந்த பெயர்களைப் பார்த்தாலே அந்தக் காலம் தெரியும்: அஞ்சல், பாமினி, மயிலை, தினமணி, தினத்தந்தி, தினகரன், முரசொலி, நக்கீரன், பழைய விகடன். ஒரே மொழியில் எழுதி, ஒருவர் கோப்பை ஒருவர் படிக்க முடியாமல் இருந்திருக்கிறோம்.

மாற்றி என்றால் ஒரு குறிக்கு ஓர் எழுத்து என்று அட்டவணை போட்டால் போதும் என்று தோன்றும். 'தமிழ்' என்ற சொல்லுக்கு அது போதும்தான்; யூனிகோடிலும் அதற்கு ஐந்தே குறிகள், வரிசையும் அதே. 'கொடி'யில் சிக்கல் வந்துவிடுகிறது. பழைய கோப்பில் கண் பார்க்கும் வரிசையே வரிசை: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வர வேண்டும், கொம்பும் காலும் அதைத் தொடர்ந்து ஒரே குறியாக. ஆகவே மாற்றி கொம்பைத் தூக்கிக்கொண்டு ஒரு மெய்யைத் தாண்டி வைக்க வேண்டும். 'ஆசிரியர்' இன்னும் வேடிக்கை. கால் நீட்டாத ரகரமும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்று என்பதால் தட்டச்சில் பழகிய கை ரி-க்கும் ர்-க்கும் துணைக்காலையே அடித்தது. அந்தச் சொல் பாமினிக் கோப்பில் இருக்கும், அதில் ரகரமே இருக்காது. தாளில் எந்தக் குறையும் தெரியாது. எழுத்தின் உருவம் தாளில் சரியாக விழ வேண்டும் என்பதுதான் அன்றைய கோப்பின் ஒரே வேலை, அதை அது ஒழுங்காகவே செய்தது.

காலுக்குப் பின்னால் புள்ளியோ இகரக் குறியோ வந்தால் அதை ரகரமாக்கு என்று மாற்றிக்குச் சொல்லிவிடலாம். ஔகாரம் அப்படி அடங்குவதில்லை. கொம்பு, வ, ள என்று மூன்று குறிகள் வந்தால் அது 'வௌ'வா, 'வெள'வா? ஔகாரம் என்று எடுத்துக்கொள்ளும் மாற்றி 'வௌவால்' என்று சரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் 'வெளியீடு' என்பதை 'வௌியீடு' ஆக்கும், 'வெள்ளி'யை 'வௌ்ளி' ஆக்கும். மற்ற மாற்றி 'வெள்ளி'யைக் காப்பாற்றிவிட்டு 'கௌரவ'த்தைக் 'கெளரவம்' என்று எழுதும். இணையத்தில் இந்த இரண்டு வகைப் பிழைகளும் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன. எழுத்துகளை வைத்து இதைத் தீர்க்க முடியாது, சொல் தெரிய வேண்டும்.

இடையில் வரும் ஆங்கிலம் அடுத்த தொல்லை. அச்சில் அது டைம்ஸ் எழுத்துருவில் ஒழுங்காக இருந்திருக்கும். உரையை மட்டும் உருவி எடுத்தால் எது தமிழுக்கான ஆங்கில எழுத்து, எது ஆங்கிலத்துக்கான ஆங்கில எழுத்து என்ற பேதம் போய்விடும். மாற்றி எல்லாவற்றையும் தமிழாக்கும். இணைய முகவரியின் முதல் மூன்று டபிள்யூக்கள் 'றறற' ஆகும். கம்ப்யூட்டர் என்ற ஆங்கிலச் சொல் 'உழஅிரவநச' என்று வந்து நிற்கும். ஜிமெயில் முகவரியின் பின்பாதி 'பஅயடை.உழஅ'. பழகியவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே தாண்டிப்போவார்கள். புதியவர் இதை வடமொழி மந்திரம் என்று நினைத்தாலும் வியப்பில்லை. உரையை ஆர்டிஎஃப் வடிவில் எடுத்தால் ஒவ்வொரு துண்டோடும் எழுத்துருவின் பெயர் ஒட்டிக்கொண்டு வரும், பாமினித் துண்டுகளை மட்டும் மாற்றலாம். வெறும் உரையாக எடுப்பதைவிட இதற்கு நேரம் கூடுதலாகும். அந்த நேரத்தைக் கொடுப்பது நல்லது.

இத்தனையும் முடிந்து கிடைக்கும் யூனிகோடு உரை அன்றைய கோப்பால் கனவு காண முடியாத காரியங்களைச் செய்கிறது. தன் நாவலில் ஒரு பாத்திரத்தின் பெயர் எங்கெங்கே வருகிறது என்று அன்றைய எழுத்தாளர் அறிய வேண்டுமானால் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். இன்று தேடுபெட்டியில் அடித்தால் போதும். பார்வையற்ற வாசகருக்குத் திரைபடிப்பான் அதை வாசித்துக் காட்டுகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களை முதலில் பழைய குறியேற்றங்களில் வெளியிட்டு, பிறகு யூனிகோடுக்கு மாற்றியதால்தான் சங்க நூல்களில் ஒரு சொல்லை எவரும் எங்கிருந்தும் தேட முடிகிறது. ஆதாயம் பெரிது, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

போனது என்ன என்றால், முதலில் பக்கம். மின்னூலில் பக்கமே இல்லை, வாசகரின் திரைக்கேற்ப வரி மடங்குகிறது. வரியின் கடைசியில் ஒற்றை எழுத்து தொங்காமல் இடைவெளியை இறுக்கித் தளர்த்திய கைவேலை மாற்றத்தில் மிஞ்சாது. தலைப்புகளுக்கு இட்ட எழுத்துருக்களும் போயின. அன்றைய எழுத்துருக்களில் எல்லாமே யூனிகோடுக்கு வந்து சேரவில்லை. இன்னொன்றும் உண்டு. அன்று மெய்ப்புப் பார்த்துக் கையெழுத்திட்ட பக்கத்தில் பிறகு எதுவும் மாறாது. இன்று மும்முறை மெய்ப்புப் பார்த்து அச்சான நூல், மாற்றும் வேலையில் அதற்கு முன் இல்லாத பிழைகளை வாங்கிக்கொண்டு வருகிறது. ஆகவே மெய்ப்பு மறுபடியும் முதலிலிருந்து. ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான மூலம் எது என்றால் பழைய அச்சுப் புத்தகம்தான்.

அப்படியானால் கோப்பை விட்டுவிட்டு அந்தப் புத்தகத்தையே ஸ்கேன் செய்து எழுத்துணரியிடம் கொடுத்துவிடலாமே என்று பதிப்பாளர்கள் கேட்கிறார்கள். கொடுக்கிறார்கள். தெளிவான அச்சாக இருந்தால் தமிழை அது இப்போது நன்றாகவே படிக்கிறது. ஆனால் இரண்டு வழிகளின் பிழைகளும் ஒரே குணம் கொண்டவை அல்ல. மாற்றி செய்யும் பிழை எல்லாப் பக்கத்திலும் ஒரே பிழை. 'வௌியீடு' என்பதை ஒரு முறை கண்டால் நூல் முழுக்க ஒரே தட்டில் திருத்தலாம். எழுத்துணரி ஓர் இடத்தில் ரகரத்தைக் காலாகப் படிக்கும், அடுத்த இடத்தில் சரியாகப் படிக்கும், மூன்றாவது இடத்தில் ஒரு தூசியைப் புள்ளி என்று எண்ணி மெய்யாக்கிவிடும். கோப்பு கையில் இருந்தால் கோப்பு வழியே நல்லது.

எந்த மாற்றியின் பட்டியலிலும் இல்லாத எழுத்துருக்கள் மட்டும் மிஞ்சுகின்றன. ஒரு கடை தனக்கென்று விசைகளை இடம்மாற்றிச் செய்துகொண்டது, ஒரு சிற்றிதழ் யாரிடமோ வாங்கிப் பெயரை மாற்றிவைத்தது. அதற்கு அட்டவணையைக் கையால்தான் போட வேண்டும். அச்சான பக்கத்தை இடப்புறம் வைத்து, திரையில் கிடக்கும் குப்பையை வலப்புறம் வைத்து, இந்தக் குறிக்கு இந்த எழுத்து என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போக வேண்டும். ஒற்றை பைட்டு எழுத்துருவில் 256-க்கு மேல் இடம் இல்லை என்பதால் எப்படியும் முடிந்துவிடும் வேலை. ஙகர, ஞகர வரிசை போல அரிதாக வரும் எழுத்துகளுக்குத்தான் பக்கம் பக்கமாகத் தேட வேண்டியிருக்கும். அடித்தவரே இன்னும் தொழிலில் இருந்து, தொலைபேசியிலும் கிடைத்துவிட்டால் அந்தத் தேடல் மிச்சம். அந்த விசைகள் அவருக்கு மறந்திருக்காது.