போர் மூடிய சுற்றுலா அலுவலகம்

உங்களுக்குத் தெரியுமா?

கொழும்பில் கப்பலிலிருந்து இறங்குவோரை வரவேற்று ஊர் சுற்றிக்காட்ட, 1937இல் அரசு சுற்றுலாப் பணியகம் தொடங்கப்பட்டது. மேற்குக்கும் கிழக்குக்கும் இடையே ஓடிய கப்பல்கள் நின்று போகும் துறைமுகம் அது. சில மணி நேரமே தங்கும் பயணிக்கும் இலங்கையைக் காட்டிவிட வேண்டும் என்ற அருமையான முயற்சி! இரண்டாம் உலகப் போரால் 1940இல் அந்தப் பணியகம் மூடப்பட்டது. 1948இல்தான் மீண்டும் திறந்தது.

போர்க்காலத்தில் இந்தியாவிலும் அப்படித்தான். பூந்தமல்லிக்கு அருகே ஆவடியில் ராணுவக் கிடங்குகள் எழுந்த காலம். ரயில்கள் படைகளுக்கும் தளவாடங்களுக்கும் தேவைப்பட்டன. வண்ணச் சுவரொட்டிகளால் ‘இந்தியாவைப் பார்க்க வாருங்கள்’ என அழைத்த ரயில்வே, அவசியமின்றிப் பயணம் செய்யாதீர்கள் என்று விளம்பரம் செய்தது. சுற்றுலாவுக்கு மறுபடி வழி தேட, 1945இல் சர் ஜான் சார்ஜென்ட் தலைமையில் குழு அமைந்தது.