டெலிபோன் என்னும் வாயிற்காவலன்

பெரியதோர் அலுவலகத்தில் நூறு டெலிபோன் கருவிகள் உளவாயின், நகரத்து எக்ஸ்சேஞ்சிலிருந்து அங்கு நூறு கம்பிகள் வருகின்றன என்று எண்ணலாகாது. அனைவரும் ஒரே வேளையில் வெளியாரோடு பேசுவதில்லையாதலால், சில கம்பிகளே பலர்க்கும் போதியனவாகும். அச்சிலவற்றைப் பகிர்ந்தளிக்கும் பொருட்டுக் கட்டடத்தினுள்ளேயே ஒரு சிறு எக்ஸ்சேஞ்சு அமைக்கப்படுகிறது. அது வாயிற்காவலனைப் போன்றது; சிலர்க்கு வழிகாட்டும், சிலரைத் தடுத்து நிறுத்தும். இவ்விரு தொழில்களும் எங்ஙனம் நடைபெறுகின்றன என்பதையும், காவலன் தவறிழைத்தால் நேரும் கேட்டையும் இங்கு ஆராய்வோம்.

ஆதியில் இக்காவலைச் செய்தவர் சுவிட்சுப் பலகையின்முன் அமர்ந்திருந்த மனிதரே. அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்தில் சவ அடக்கத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பார், தமக்கு வரும் அழைப்புகள் போட்டியாளர்க்குத் திருப்பப்படுகின்றன என ஐயுற்றே தாமாக இயங்கும் எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடிக்க முற்பட்டார் என்று கூறுவர். அவர் 1891-ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். மறு ஆண்டில் இந்தியானா மாகாணத்து லா போர்ட் என்னும் ஊரில் அத்தகைய எக்ஸ்சேஞ்சு முதன்முதல் திறக்கப்பெற்றது. மனிதரின் பாரபட்சம் நீங்கிற்று. ஆயினும் மனிதரின் செவியும் உடன் நீங்கிற்று. யந்திரம் குரலைக் கேட்பதில்லை. இலக்கத்தை மட்டுமே அறியும்.

அமெரிக்க அலுவலகங்களுட் பலவற்றில் உள்ள ஏற்பாட்டை நோக்குவோம். ஒருவர் முதலில் 2 அல்லது 3 என்னும் இலக்கத்தை அழுத்தின், அவர் கட்டடத்தினுள் உள்ள ஒருவரை நாடுகிறார் என யந்திரம் கொள்ளும். 9 அழுத்தின் வெளிக்கம்பி வேண்டுமெனக் கொள்ளும். அதன்பின் 1 வருமாயின் நெடுந்தூர அழைப்பென உணரும். உடனே, எக்கருவியிலிருந்து அழைப்பு வருகிறது என்று தன் அட்டவணையை நோக்கும். கூடத்திலுள்ள பொதுக் கருவிக்கு உள்ளழைப்பு மட்டும், குமாஸ்தாவுக்கு உள்ளூர் மட்டும், மானேஜருக்கு அயல்நாடும் உண்டு என்றவாறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் விதிக்கப்பட்டிருக்கும். அனுமதி உண்டாயின், கட்டணம் குறைந்த வழி எதுவென ஆராய்ந்து அவ்வழியே அனுப்பும். அது நிரம்பியிருப்பின் அடுத்த வழியை நாடும். இத்தடைகள் வீணல்ல. அயலார் கள்ளத்தனமாக உட்புகுந்து, பிறர் செலவில் வெளிநாடுகளோடு பேசிப் பெருநஷ்டம் விளைவிப்பதும் உண்டு.

இத்துணைச் சீரிய ஏற்பாட்டில் ஒரு குறை நெடுங்காலம் மறைந்திருந்தது. அந்நாட்டில் ஆபத்துக் காலத்தில் அழைக்கவேண்டிய எண் 911 ஆகும். 2013-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், டெக்ஸாஸ் மாகாணத்து மார்ஷல் என்னும் ஊரில், ஒரு விடுதி அறையில் கேரி என்னும் இளந்தாய் தாக்குண்டு கொலையுண்டார். உடனிருந்த ஒன்பது வயதுச் சிறுமி, தனக்குக் கற்பித்தபடியே 911 என்னும் எண்ணை நான்கு முறை அழைத்தாள். ஒருமுறையேனும் அழைப்பு வெளிச்செல்லவில்லை. வெளிக்கம்பிக்கென 9 ஒன்றை முன்னே சேர்த்தல் வேண்டும் என்பதைக் குழந்தை எங்ஙனம் அறியும்? அவள் அழுத்திய முதல் 9 வெளிக்கம்பி கேட்பதற்குரிய இலக்கமாகவே கொள்ளப்படும். எஞ்சிய 1, 1 என்பவற்றாற் பொருளொன்றுமில்லை. பலகையின்முன் ஒரு மனிதர் இருந்திருப்பின் அவள் அழுகுரலே போதியதாயிருக்கும்.

இக்குறையை நீக்குதல் அரிதன்று. அந்நாட்டில் ஊர்க்குறியீடு எதுவும் 1 என்னும் இலக்கத்தில் தொடங்குவதில்லை. ஆகவே 9, 1 என்பவற்றை அடுத்து மீண்டும் 1 வருமாயின், அது நெடுந்தூர அழைப்பாக இருத்தல் இயலாது. ஆபத்தழைப்பு என்றே கொண்டு தரம் நோக்காது அனுப்பிவிடலாம். நெடுந்தூரம் பேச விரும்புவோர் கைதவறி 1 என்பதை இருமுறை அழுத்துவதால் வீண் அழைப்புகள் நேர்வது உண்மையே. அதுபற்றியே சிலர் வெளிக்கம்பிக்கு 9 என்பதை விடுத்து 8 என்பதை அமைத்துக்கொள்கின்றனர்.

கேரியின் தந்தையார் இடையறாது முயன்றதன் பயனாக, அவர் பெயராலேயே ஒரு சட்டம் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் கையொப்பம் பெற்றது. அலபாமா மாகாணத்து ஹேலிவில் என்னும் ஊரில் முதல் 911 அழைப்பு நிகழ்ந்து அன்றோடு சரியாக ஐம்பது ஆண்டுகள் நிறைந்தன. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாளுக்குப்பின் அந்நாட்டில் விற்கப்படும் அல்லது நிறுவப்படும் இத்தகைய எக்ஸ்சேஞ்சுகளில், முன்னிலக்கம் யாதுமின்றி 911 அழைக்கக்கூடுதல் வேண்டும். அவ்வழைப்பு நிகழ்ந்தமையை முன்மேசையினர் போன்றோர்க்கு அறிவிக்கும் வசதியும் அமைத்தல் வேண்டும் என்பன அதன் விதிகள்.

நம் மாணாக்கருட் பலர் நாளை அலுவலகங்களையும் விடுதிகளையும் மருத்துவசாலைகளையும் மேற்பார்க்கும் பொறுப்பை ஏற்பர். காசைக் காக்கும் பொருட்டு ஒரு தடையை விதிக்கும்பொழுது, அவ்விடத்து வழக்கம் யாதும் அறியாத ஒருவர் நள்ளிரவில் நடுங்கும் கையோடு அக்கருவியை எடுப்பின் யாது நிகழும் என்று முன்னரே எண்ணிப் பார்ப்பாராக. யந்திரம் தானே இரங்காது. இரங்கத்தக்க இடம் இதுவென்று அதற்கு முன்கூட்டியே சொல்லி வைத்தல் நம் கடமையாகும்.