டாஃபிங் தெரிந்த ஊருக்கு இங்கிலீஷ் கஷ்டமா?

ராஜபாளையத்தில் ஏதாவது ஒரு நூற்பாலையின் ரிங் ஃபிரேம் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வரிசை வரிசையாகச் சுழலும் பாபின்களில் நூல் நிறைந்ததும் மெஷின் நிற்கும். நிறைந்தவற்றை உருவி எடுத்துவிட்டுக் காலி பாபின்களைச் சொருகுவார்கள். மெஷின் திரும்ப ஓடும். இந்த வேலைக்கு மில்லில் 'டாஃபிங்' என்று பெயர். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்கள் ஷிஃப்டுக்குப் போய் வந்திருக்கின்றன. பள்ளிக்கூடப் படியை மிதிக்காதவர்கள்கூட டாஃபிங் என்ற சொல்லைச் சோறு, குழம்பு மாதிரி புழங்கியிருக்கிறார்கள்.

அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ஒரு சங்கதி இருக்கிறது. 'டாஃப்' என்பது பழைய ஆங்கிலேயர் 'டூ', 'ஆஃப்' என்ற இரண்டு சொற்களையும் வேகமாகச் சேர்த்துச் சொல்லிச் சொல்லி ஒட்டிப்போன சொல். கழற்று, எடுத்துவிடு என்று பொருள். தொப்பியைக் கழற்றுவதும் டாஃப்தான், பாபினைக் கழற்றுவதும் டாஃப்தான். 'டூ ஆன்' இதே மாதிரி ஒட்டி 'டான்' ஆனது. அணிந்துகொள் என்று பொருள். அதாவது, ஃபிரேசல் வெர்ப் என்று சொல்லி நம் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோமே, அந்த இனத்தைச் சேர்ந்த ஒன்று இந்த ஊர் மில்லுக்குள் பல காலமாக ஷிஃப்டு பார்த்துக்கொண்டிருக்கிறது.

பயமுறுத்துகிறோம் என்பதை யோசித்துத்தான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஆங்கிலத் தாளில் 14 ஒரு மார்க் கேள்விகள் உண்டு. அவற்றில் ஒன்று ஃபிரேசல் வெர்ப். அந்த ஒரு மார்க்குக்காக ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் டியூஷன் வீடுகளில் சாயங்காலம் தோறும் பட்டியல் ஒப்பிக்கப்படுகிறது. 'கிவ் அப்' என்றால் இது, 'கிவ் இன்' என்றால் அது, 'கிவ் அவே' என்றால் வேறொன்று. வாய்ப்பாடு மாதிரி வரும் அந்தப் பட்டியல் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகிறது. நாலு வருஷம் கழித்து அதே பிள்ளை வேலைக்கான நேர்முகத் தேர்வில் உட்காரும்போது, எதிரே இருப்பவர் சாதாரணமாகப் பேசும் ஆங்கிலம் பாதிதான் புரிகிறது. புரியாத பாதி பெரும்பாலும் சின்னச் சின்னச் சொற்கள்தான்: கெட், புட், டேக், அப், அவுட், ஆஃப். ஒவ்வொன்றும் தெரிந்த சொல். சேர்ந்து வரும்போதுதான் முகம் மாறிவிடுகிறது.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறையும் இல்லை. ஆங்கிலத்துக்குப் பேரகராதி தந்த சாமுவேல் ஜான்சன் 1755-லேயே தன் முன்னுரையில் இதைச் சொல்லிவிட்டார். வினைச்சொல்லின் பின்னால் ஒரு துணுக்கைச் சேர்த்துப் பொருளையே மாற்றிவிடும் பழக்கம் ஆங்கிலத்தில் அதிகம், அயலாருக்கு அதில்தான் பெருஞ்சிரமம் என்று எழுதி, 'பிரேக் ஆஃப்', 'செட் அவுட்', 'டேக் ஆஃப்' என்று அடுக்கியிருக்கிறார். 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயரை 1925-ல் லோகன் பியர்சால் ஸ்மித் தன் புத்தகத்தில் பரவலாக்கினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி அவருக்குச் சொன்ன பெயர் அது.

நமக்குச் சிரமம் கூடுதலாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். ஆங்கிலம் நம்மிடம் அடுப்படி வழியாக வரவில்லை. கோர்ட்டும் கலெக்டர் ஆபீசும் பாடப்புத்தகமும்தான் அதைக் கொண்டுவந்து சேர்த்தன. அதனால் 'போஸ்ட்போன்' நமக்குத் தண்ணீர் பட்ட பாடு, 'புட் ஆஃப்' அந்நியம். 'டாலரேட்' தெரியும், 'புட் அப் வித்' தடுமாற்றம். 'இன்வெஸ்டிகேட்' வரும், 'லுக் இன்டு' வராது. ஆங்கிலேயக் குழந்தை முதலில் கற்பதை நாம் கடைசியில் கற்கிறோம்.

இதைப் பற்றிய ஆய்வுகளும் உண்டு. 1985-ல் டேகட், லாஃபர் என்ற இருவர் ஹீப்ரு பேசும் மாணவர்களைக் கவனித்தார்கள். அந்த மாணவர்கள் ஃபிரேசல் வெர்புகளை ஒதுக்கிவிட்டு ஒற்றைச் சொற்களையே தேடிப் போனார்கள். ஹீப்ருவில் அப்படி ஓர் அமைப்பு இல்லை. பிறகு ஸ்வீடன் நாட்டு மாணவர்களைப் பார்த்தபோது அந்த ஒதுக்கல் இல்லை. அவர்கள் மொழியிலேயே வினையும் துணுக்கும் சேர்ந்து நடக்கும். தாய்மொழியில் ஒரு கதவு திறந்திருந்தால் அந்நிய மொழியின் கதவு அவ்வளவு இறுக்கமாக இருக்காது என்று எனக்குப் படுகிறது.

தமிழில் அந்தக் கதவு இருக்கிறதா? அகலத் திறந்தே இருக்கிறது. அதை நாம் வகுப்பறையில் காட்டுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

"பாப்பா, நான் கடைக்குப் போயிட்டு வாரேன், தம்பியைப் பாத்துக்கோ." இதில் பார்ப்பது எங்கே, கொள்வது எங்கே? இரண்டும் சேர்ந்ததும் கவனித்துக் காப்பாற்று என்ற புதுப்பொருள் பிறந்துவிடுகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கும் இது புரியும். ஆங்கிலேயனும் இதே 'பார்' என்ற வினையில்தான் ஆரம்பிக்கிறான்: 'லுக் ஆஃப்டர்'. ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் குடும்பத்துப் பிள்ளை 'சூசுகோ' என்று சொல்லும். அதுவும் அதே பார், அதே கொள். ஆக இந்த ஊர்ப் பிள்ளைகளில் பலர் இரண்டு மொழியில் ஒரே வித்தையைச் செய்துவிட்டுத்தான் ஆங்கில வகுப்புக்குள்ளே வருகிறார்கள்.

இன்னும் பாருங்கள். கூட்டத்தைத் தள்ளிப்போட்டார்கள் என்கிறோம். போடு என்றால் 'புட்', ஆங்கிலத்திலும் 'புட் ஆஃப்'. சண்டையில் விட்டுக்கொடுத்தான் என்கிறோம். கொடு என்றால் 'கிவ்', அங்கே 'கிவ் இன்'. சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள், முறி என்றால் 'பிரேக்', அங்கே 'பிரேக் ஆஃப்'. கண்டுபிடி என்பதில் காண்பதும் பிடிப்பதும் சேர்ந்து 'ஃபைண்ட் அவுட்' ஆகிறது. மறக்காமல் இருக்க எழுதி வை என்கிறோம். எழுதியது ஓரிடத்தில் நிலையாகக் கிடக்கட்டும் என்று அந்த 'வை' சொல்கிறது, 'ரைட் டவுன்' என்பதில் 'டவுன்' செய்வதும் ஏறக்குறைய அதுதான். சாப்பிட்டுவிடு, குடித்துவிடு என்பதில் 'விடு' மிச்சம் வைக்காமல் முடி என்று அழுத்துகிறது. 'ஈட் அப்', 'ட்ரிங்க் அப்' என்பதில் அந்த வேலை 'அப்'புக்கு. சர்க்கரை தீர்ந்துபோச்சு என்றால் 'ரன் அவுட்'. கிரிக்கெட்டில் ரன் அவுட்டுக்குத் தொண்டை கிழியக் கத்தும் பையனுக்கு, கடையில் சரக்கு தீர்ந்ததையும் அதே சொல்லால் சொல்லலாம் என்று யாராவது சொல்லித் தந்தால் போதும்.

வெளியிலிருந்து தமிழ் படிக்க வந்தவர்களுக்கு நம்முடைய இந்தத் துணைவினைகள்தான் பெரிய மலை. ஹெரால்டு ஷிஃப்மன் 1999-ல் வெளியிட்ட பேச்சுத்தமிழ் இலக்கணத்தில் விடு, கொள், வை, தொலை, தள்ளு என்று ஒவ்வொன்றும் வினைக்கு என்ன சாயம் ஏற்றுகிறது என்று பொறுமையாக விளக்கியிருக்கிறார். 'வந்து சேர்' என்பதற்கும் 'வந்து தொலை' என்பதற்கும் உள்ள தூரம் நமக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் புரட்டினால் துணைவினைகளுக்குத் தனி அடையாளம் இட்டு எடுத்துக்காட்டோடு தந்திருப்பதைப் பார்க்கலாம். ஆங்கில ஆசிரியர்களின் மேஜையில் அந்த அகராதி இருக்க வேண்டும் என்பேன்.

எல்லாமே பொருந்திவிடாது. ஆங்கிலத்தில் துணுக்கு, வினையை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கும். 'புட் இட் ஆஃப்' என்றுதான் சொல்ல வேண்டும். 'புட் ஆஃப் இட்' என்றால் தவறு. நாம் 'தள்ளித்தான் போட்டார்கள்' என்று நடுவில் ஒரு 'தான்' செருகுவோமே தவிர, எதைத் தள்ளினார்கள் என்பதை நடுவில் வைக்க மாட்டோம். 'லுக் ஆஃப்டர்' போன்றவை பிரியவே பிரியாது. 'லுக் ஆஃப்டர் ஹிம்' மட்டுமே. இங்கே தமிழ் உதவாது. வாயால் சொல்லிச் சொல்லிக் காதுக்குப் பழக்க வேண்டும். இலக்கண விதியாக எழுதிப் போட்டு வந்ததை நான் பார்த்ததில்லை.

மரபுத்தொடர்களின் கதை இன்னும் சுவையானது. தேர்தலில் மண்ணைக் கவ்வினார் என்று நாம் எழுதுவதை ஆங்கிலப் பத்திரிகை 'பைட் தி டஸ்ட்' என்று எழுதும். கை கழுவிவிட்டான் என்பதற்கும் அங்கே அதே கை, அதே கழுவல். பைபிளில் பிலாத்து கை கழுவியதிலிருந்து அவர்களுக்கு வந்தது. இவற்றை ஒரு தடவை சொன்னால் மறக்காது.

ஊரிலேயே வேர் உள்ளவையும் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா அடுப்பின் பக்கத்தில் நில்லுங்கள். அகன்ற வாணலியில் பால் கொதிக்கும்போது முதல் கவலை அது பொங்கி வழியாமல் இருக்க வேண்டும் என்பது. அது 'பாயில் ஓவர்'. கோபம் பொங்கினாலும் ஆங்கிலத்தில் அதே சொல். பிறகு சர்க்கரை சேர்த்துக் கரண்டி நிற்காமல் கிண்டக் கிண்ட, பாலின் தண்ணீரெல்லாம் ஆவியாகிச் சுண்டிக் கெட்டிப்படுகிறது. அது 'பாயில் டவுன்'. நீளமான பேச்சிலிருந்து வேண்டாததெல்லாம் வற்றிப்போய் மிஞ்சும் ஒரே விஷயத்தைச் சொல்ல ஆங்கிலேயர் 'இட் பாயில்ஸ் டவுன் டு' என்று தொடங்குவது இதனால்தான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பால்கோவா, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கில மரபுத்தொடரையும் இனிப்போடு சொல்லித் தரும்.

துணிக்கு வெள்ளாவி வைக்கும் ஆலைகளில் ஸ்டென்டர் என்ற மெஷின் உண்டு. நனைந்த துணியின் இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்து, சுருங்காமல் விறைப்பாக வைத்துக் காய வைக்கும். மெஷின் வருவதற்கு முன்பு இங்கிலாந்தில் கம்பளித் துணியை மரச்சட்டத்தில் கொக்கிகளால் மாட்டி இழுத்துக் கட்டினார்கள். சட்டத்துக்கு 'டென்டர்' என்று பெயர், கொக்கி 'டென்டர்ஹுக்'. தேர்வு முடிவுக்காக நெஞ்சு படபடக்கக் காத்திருப்பவரை 'ஆன் டென்டர்ஹுக்ஸ்' என்பது, அந்த இழுபட்ட துணியின் விறைப்பை வைத்து வந்த வழக்கு. ஸ்டென்டர் மெஷினில் வேலை பார்ப்பவரின் மகளுக்கு இதை அவள் அப்பாவே விளக்கிவிடுவார்.

எத்தனை படித்தால் போதும் என்பது அடுத்த கேள்வி. கடைகளில் ஐந்நூறு, ஆயிரம் என்று எண்ணிக்கை போட்டு விற்கும் புத்தகங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. கார்ட்னர், டேவிஸ் இருவரும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் பெரிய தொகுப்பொன்றை அலசி 2007-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, வெறும் 100 ஃபிரேசல் வெர்புகளே மொத்தப் புழக்கத்தில் பாதிக்கு மேல். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஐந்தாறு பொருள். அவ்வளவையும் சுமக்க வேண்டாம் என்று 2015-ல் கார்னியே, ஷ்மிட் இருவரும் 150-ஐ எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் அடிக்கடி வரும் ஓரிரு பொருளை மட்டும் பொறுக்கிப் பட்டியலிட்டார்கள். அதில் முன்வரிசையில் இருப்பவை 'கோ ஆன்', 'பிக் அப்', 'கம் பேக்', 'ஃபைண்ட் அவுட்' போன்ற எளியவை. வாரத்துக்கு ஐந்து என்றால் ஒரு பள்ளியாண்டுக்குள் அந்த 150 முடிந்துவிடும். ஐந்தையும் ஒப்பிக்கச் சொல்லாமல், அந்த வாரம் வீட்டில் நடந்ததை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னால் அவை மனதில் தங்கும்.

நாமாக உண்டாக்கிக்கொண்டவற்றிலும் கவனம் வேண்டும். தாலுகா ஆபீசில் ஃபைலை 'புட் அப்' செய்வது நம் நிர்வாக ஆங்கிலம். இங்கே அது சரியான வழக்குதான். கல்லூரியிலிருந்து 'பாஸ் அவுட்' ஆனேன் என்பதும் இங்கே எல்லோருக்கும் புரியும். ராணுவப் பயிற்சி முடிப்பவர்களின் அணிவகுப்புக்கு ஆங்கிலேயர்களே இன்றும் அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் மற்ற இடங்களில் அவர்களுக்கு அது மயங்கி விழுந்தேன் என்று கேட்கும். வெளிநாட்டு வேலைக்கான விண்ணப்பத்தில் 'கிராஜுவேட்டட்' என்று எழுதிவிடுவது நல்லது. 'கோப் அப் வித்' என்று 'அப்' சேர்ப்பதையும் விட்டுவிடலாம். 'கோப் வித்' போதும்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்யும் பேண்டேஜ் துணி கடல் கடந்தும் போகிறது. ஏற்றுமதி செய்பவரின் மேஜையில் வரும் மெயில்களில் ஒரு துணுக்கு இடம் மாறினால் பணம் இடம் மாறும். ஓர் உதாரணம் சொல்கிறேன். 'வி ஆர் காலிங் ஆஃப் தி ஆர்டர்' என்று வந்தால் ஆர்டர் ரத்தாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதே சொற்களைப் பெயராக்கி 'கால் ஆஃப் ஆர்டர்' என்று பிரிட்டிஷ் கொள்முதல் பிரிவு எழுதினால் கதையே வேறு. ஏற்கெனவே பேசி முடித்த மொத்த ஒப்பந்தத்திலிருந்து இப்போதைக்கு இவ்வளவு அனுப்புங்கள் என்று கேட்கிறார்கள். ஒன்றில் தறியை நிறுத்த வேண்டும், இன்னொன்றில் ராத்திரி ஷிஃப்டுக்கும் ஆள் போட வேண்டும். பட்டியல் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு முதல் பொருள் மட்டும்தான் தெரியும். சொல் வினையாக வந்திருக்கிறதா, பெயராக வந்திருக்கிறதா, யார் யாருக்கு எழுதியது என்று பார்க்கப் பழகிய பிள்ளை, சந்தேகம் வந்தால் பதில் மெயிலில் ஒரே வரியில் கேட்டுவிடும்: எத்தனை பெட்டி, எந்தத் தேதிக்கு வேண்டும்?